லைப்ரரி இன்ஸ்டால் பண்ணியாச்சு, அப்புறம் ஏன் எரர் வருது?



ப்ராஜெக்ட் ரிவ்யூ நெருங்கும்போது எல்லா டிபார்ட்மெண்ட் லேப்லயும் கேட்கிற ஒரு டயலாக் இருக்கு. "என் லேப்டாப்ல ஓடுச்சுடா, இங்க மட்டும்தான் ஓடல." போர்டு அதே போர்டு, சென்சார் அதே சென்சார், கோடும் பென் டிரைவில் கொண்டு வந்த அதே கோடு. ஆனா லேப் சிஸ்டத்தில் வெரிஃபை பட்டனை அழுத்தினா எரர் கொட்டுது. உடனே எல்லாரும் கோடைத்தான் திரும்பத் திரும்ப படிக்கிறோம். பல நேரம் தப்பு அங்க இல்லை. அந்தக் கோடு நம்பியிருக்கிற லைப்ரரியில் இருக்கு.

இந்தக் கட்டுரையில் ஆர்டுயினோ ஐடிஇ-யை மட்டும் எடுத்துக்கிட்டு லைப்ரரி இன்ஸ்டாலேஷன் பத்திப் பார்க்கலாம். ஈசிஇ, ட்ரிபிள்இ, மெக்கட்ரானிக்ஸ், சிஎஸ்இ-ன்னு எந்த டிபார்ட்மெண்டா இருந்தாலும் ஒரு முறையாவது இதைத் திறந்திருப்பீங்க. இன்ஸ்டால் பட்டனை அழுத்துறது ஒரு செகண்ட் வேலை. ஆனா எங்க போய் உட்காருது, எந்த வெர்ஷன், அதுக்கு வேற என்ன தேவை என்ற மூணும் தெரியலைன்னா அந்த ப்ராஜெக்ட் உங்க லேப்டாப்பை விட்டு வெளியே வராது.

லைப்ரரி என்ன வேலை செய்யுது?

நம்ம எல்லாருக்கும் பழக்கமான டிஹெச்டி11 சென்சாரையே எடுத்துக்கலாம். வெப்பநிலையும் ஈரப்பதமும் சொல்ற நீலக்கலர் சென்சார். அது ஒரே ஒரு ஒயர் வழியா 40 பிட் டேட்டா அனுப்பும். ஒவ்வொரு பிட்டும் 0-வா 1-ஆ என்பதை, அந்த ஒயர் எத்தனை மைக்ரோசெகண்ட் ஹையில் இருந்துச்சுன்னு அளந்துதான் கண்டுபிடிக்கணும். சுமார் 26 முதல் 28 மைக்ரோசெகண்ட் இருந்தா 0, சுமார் 70 இருந்தா 1. கடைசி 8 பிட் செக்சம். அது பொருந்தலைன்னா மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடி கேட்கணும்.

இதையெல்லாம் நாம எழுதினா ரெண்டு நாள் ஆகும். அடாஃப்ரூட் நிறுவனத்தின் டிஹெச்டி லைப்ரரி இதைச் செஞ்சு முடிச்சு, "ரீட் டெம்பரேச்சர்" என்ற ஒரு ஃபங்ஷனா நம்ம கையில் கொடுக்குது. வேற யாரோ உட்கார்ந்து எழுதி, டெஸ்ட் பண்ணி, இலவசமா கொடுத்த உழைப்பு அது.

எங்க போய் உட்காருது?

இன்ஸ்டால் பண்ண மூணு வழி இருக்கு.

முதல் வழி லைப்ரரி மேனேஜர். 2015-ல் வந்த ஐடிஇ 1.6.2-ல் இது அறிமுகம் ஆச்சு. 2022-ல் வந்த ஐடிஇ 2-ல் இடது பக்கம் புத்தகம் அடுக்கின மாதிரி ஒரு ஐகான் இருக்கும், அதுதான். பேரைத் தேடி, வெர்ஷனைத் தேர்ந்தெடுத்து, இன்ஸ்டால் கொடுக்கணும். முடிஞ்ச வரைக்கும் இந்த வழியிலேயே போங்க. எந்த வெர்ஷன் இருக்கு, புதுசு வந்திருக்கா, பழசுக்குத் திரும்பணுமா, எல்லாத்தையும் இங்கேயே பார்த்துக்கலாம்.

ரெண்டாவது வழி ஜிப் ஃபைல். கிட்ஹப்பில் டவுன்லோட் பண்ணின ஜிப்பை, ஸ்கெட்ச் மெனுவில் இன்க்ளூட் லைப்ரரிக்குள்ள போய் "ஆட் ஜிப் லைப்ரரி" மூலமா சேர்க்கிறது. லைப்ரரி மேனேஜரில் கிடைக்காத லைப்ரரிக்கு மட்டும் இதை வெச்சுக்கோங்க.

மூணாவது வழி, கையாலேயே ஃபோல்டரை காப்பி பண்றது.

மூணு வழியில் எதில் போனாலும் லைப்ரரி போய்ச் சேர்ற இடம் ஒண்ணுதான். விண்டோஸில் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள ஆர்டுயினோ, அதுக்குள்ள லைப்ரரீஸ். லினக்ஸில் ஹோம் ஃபோல்டருக்குள்ள ஆர்டுயினோ, அதுக்குள்ள லைப்ரரீஸ். இப்பவே உங்க லேப்டாப்பில் அதைத் திறந்து பாருங்க. ஒவ்வொரு லைப்ரரியும் ஒரு ஃபோல்டரா வரிசையா இருக்கும்.

கையால் காப்பி பண்றவங்க ஒரு இடத்தில் மாட்டிக்குவாங்க. விண்டோஸில் ஜிப்பை எக்ஸ்ட்ராக்ட் பண்ணினா ஃபோல்டருக்குள்ள அதே பேரில் இன்னொரு ஃபோல்டர் வந்துடும். ஐடிஇ மேல இருக்கிற ஃபோல்டரை மட்டும் பார்க்கும், ஹெட்டர் ஃபைல் அங்க இல்லைன்னா "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"ன்னு சொல்லிடும். உள்ளே இருக்கிற ஃபோல்டரை எடுத்து வெளியே வைங்க, சரியாயிடும்.

இன்னொரு குழப்பம். இன்க்ளூட் லைப்ரரி மெனுவில் ஒரு பேரைக் கிளிக் பண்ணினா அது இன்ஸ்டால் ஆகாது. ஏற்கனவே இருக்கிற லைப்ரரிக்கான இன்க்ளூட் வரியை உங்க கோடின் மேல சேர்க்கும், அவ்வளவுதான். அதே மாதிரி, லைப்ரரீஸ் ஃபோல்டரில் ஐம்பது லைப்ரரி இருக்கேன்னு பயப்பட வேண்டாம். நீங்க இன்க்ளூட் பண்ணினதும், அது தனக்காகக் கூப்பிடுறதும் மட்டும்தான் கம்பைல் ஆகி போர்டுக்குப் போகும்.

தனியா வராத லைப்ரரிகள்

டிஹெச்டி லைப்ரரியை லைப்ரரி மேனேஜரில் இன்ஸ்டால் பண்ணும்போது ஒரு பாக்ஸ் வரும். இதுக்கு அடாஃப்ரூட் யூனிஃபைடு சென்சார் லைப்ரரியும் வேணும், அதையும் சேர்த்துப் போடலாமான்னு கேட்கும். அவசரத்தில் சிலர் "வித்தவுட் டிபென்டென்சீஸ்" பக்கம் இருக்கிறதை அழுத்திடுவாங்க. அப்புறம் கம்பைல் பண்ணினா, நீங்க எழுதவே எழுதாத "அடாஃப்ரூட் சென்சார் டாட் ஹெச்" காணோம்னு எரர் வரும். நாம இதை இன்க்ளூட் பண்ணவே இல்லையேன்னு தலையைச் சொறிவோம். நாம பண்ணலை, நம்ம லைப்ரரி பண்ணியிருக்கு.

அதனால "இன்ஸ்டால் ஆல்" கொடுங்க. ஜிப் வழியா போட்டீங்கன்னா இந்தக் கேள்வியே வராது, தேவையானதை நீங்களே தேடிப் போடணும். தேட வேண்டிய இடம், லைப்ரரி ஃபோல்டருக்குள்ள இருக்கிற "லைப்ரரி டாட் ப்ராப்பர்ட்டீஸ்" என்ற சின்ன ஃபைல். நோட்பேடில் திறந்து பாருங்க. பேர், வெர்ஷன், எழுதினவர், எந்த போர்டு வகைக்கு, வேற எந்த லைப்ரரி தேவைன்னு பத்துப் பதினைந்து வரிக்குள்ள எழுதியிருக்கும். எரரைக் கூகுளில் போடுறதுக்கு முன்னாடி இந்த ஃபைலை ஒரு நிமிஷம் படிச்சா பாதி வேலை முடிஞ்சுடும்.

ஒரே பேரில் ரெண்டு பேர்

ஒரே கிளாஸில் மூணு கார்த்திக் இருக்காங்க. சார் "கார்த்திக்"னு கூப்பிட்டா யார் எழுந்து நிக்கணும்? எல்சிடி டிஸ்ப்ளே போட்டவங்களுக்கு இந்தப் பிரச்சினை நல்லாத் தெரியும். ஐ2சி எல்சிடிக்கான லைப்ரரிகளில் ஒரே ஹெட்டர் பேரோட பல லைப்ரரி சுத்திக்கிட்டு இருக்கு. ஒண்ணில் டிஸ்ப்ளேயை ஆரம்பிக்க "இனிட்"னு கூப்பிடணும், இன்னொண்ணில் "பிகின்". நீங்க ஒண்ணைப் போட்டிருப்பீங்க, லேப் சிஸ்டத்தில் போன வருஷ பேட்ச் இன்னொண்ணைப் போட்டிருக்கும்.

கம்பைலர் இதை மறைக்கிறதில்லை. எரருக்குக் கீழ, நாம படிக்காம விடுற இடத்தில், "மல்டிபிள் லைப்ரரீஸ் வேர் ஃபவுண்ட்"னு ஒரு வரி இருக்கும். அதுக்குக் கீழ "யூஸ்டு", "நாட் யூஸ்டு"ன்னு ரெண்டு பாத். எதை எடுத்துக்கிச்சு, எதை விட்டுச்சுன்னு நேராவே சொல்லிடும். வேண்டாத ஃபோல்டரை லைப்ரரீஸுக்கு வெளியே நகர்த்தினா போதும். லேப் சிஸ்டமா இருந்தா டெலீட் பண்ணாதீங்க, அது இன்னொரு டீமோட ப்ராஜெக்ட்டா இருக்கலாம்.

போர்டு மாறினா லைப்ரரியும் மாறலாம்

ஊனோவில் ஓடின சர்வோ மோட்டார் கோடை இஎஸ்பி32-க்கு மாத்தினா கம்பைல் ஆகாது. ஆர்டுயினோவோட கூடவே வர்ற சர்வோ லைப்ரரி, ஊனோ மாதிரியான சில சிப் குடும்பங்களோட டைமரை நேரடியாப் பிடிச்சு வேலை செய்யும். இஎஸ்பி32-ல் அந்த டைமர் கிடையாது. அதுக்கு இஎஸ்பி32 சர்வோ என்ற தனி லைப்ரரி வேணும். இந்த லைப்ரரி உங்க போர்டுக்குப் பொருந்தாம போகலாம்னு ஐடிஇ ஒரு வார்னிங்கும் கொடுக்கும். வார்னிங்தானேன்னு தாண்டிப் போறவங்கதான் அதிகம்.

வெர்ஷன்தான் பெரிய வில்லன்

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நீங்க கோடில் ஒரு எழுத்தைக்கூட மாத்தாம இருந்தாலும், அது நின்னு போகலாம். 2024-ல் இது நிறையப் பேருக்கு நடந்துச்சு.

இஎஸ்பி32-ஐ ஆர்டுயினோ ஐடிஇ-யில் ப்ரோக்ராம் பண்ண, போர்ட்ஸ் மேனேஜரில் எஸ்பிரெஸிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி32 பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணுவோம். அதோட 3.0 வெர்ஷன் 2024 மே மாசம் வந்துச்சு. மோட்டார் வேகத்துக்கும் எல்இடி வெளிச்சத்துக்கும் பிடபிள்யூஎம் கொடுக்க அதுவரைக்கும் ரெண்டு ஃபங்ஷன் எழுதணும். "எல்இடிசி செட்டப்"னு ஒண்ணு, "எல்இடிசி அட்டாச் பின்"னு ஒண்ணு. 3.0-ல் ரெண்டையும் எடுத்துட்டு, "எல்இடிசி அட்டாச்" என்ற ஒரே ஃபங்ஷனைக் கொண்டு வந்தாங்க. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து எழுதின கோடு எல்லாம் புது பேக்கேஜில் கம்பைல் ஆகாம நின்னுச்சு.

இதில் இன்னொரு பொறி இருக்கு. "எல்இடிசி ரைட்" என்ற ஃபங்ஷன் பேர் மாறலை. ஆனா முன்னாடி அதில் முதல்ல சேனல் நம்பர் கொடுப்போம், 3.0-ல் பின் நம்பர் கொடுக்கணும். எரர் காட்டின ரெண்டு வரியை மட்டும் சரி பண்ணிட்டு இதை அப்படியே விட்டா, கம்பைல் சுத்தமா முடியும், மோட்டார் மட்டும் சுத்தாது. அப்புறம் மோட்டார் டிரைவரை மாத்துவோம், பேட்டரியை மாத்துவோம், ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுவோம். அங்க ஒரு கோளாறும் இருக்காது.

மாத்தறது எல்லாமே இப்படிக் கஷ்டம் கொடுக்கும்னு இல்லை. ஆர்டுயினோ ஜேசன் லைப்ரரியைப் பாருங்க. 5-ல் இருந்து 6-க்குப் போனப்ப எழுதுற முறையே மாறுச்சு. ஆனா பழைய கோடைக் கம்பைல் பண்ணினா, இது 5-ஆம் வெர்ஷனில் இருந்த கிளாஸ்னு எரர் மெசேஜிலேயே சொல்லிடும். 2024-ல் வந்த 7-ல் 6-க்கு எழுதின பல கோடு இன்னும் ஓடும், வழக்கொழிஞ்சதுன்னு வார்னிங் மட்டும் கொடுக்கும். நல்லா பராமரிக்கிற லைப்ரரிக்கு இது ஒரு அடையாளம்.

இதில் இருந்து ரெண்டு பழக்கம் எடுத்துக்கலாம். ஒண்ணு, ரிவ்யூவுக்கு முந்தின வாரம் ஐடிஇ "அப்டேட் இருக்கு, எல்லாத்தையும் போடலாமா"ன்னு கேட்டா, இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லுங்க. ரிவ்யூ முடிஞ்சதும் போட்டுக்கலாம். ரெண்டு, ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா பதற வேண்டாம். லைப்ரரி மேனேஜர், போர்ட்ஸ் மேனேஜர் ரெண்டிலும் பேருக்குக் கீழ வெர்ஷன் லிஸ்ட் இருக்கும். பழைய நம்பரைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் கொடுத்தா பழசு திரும்ப வந்துடும். ஆனா பழைய நம்பர் என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அங்கதான் எல்லாரும் முழிக்கிறோம்.

கம்பைல் ஆகியும் ஓடலைன்னா

ஊனோவில் ஒரு சின்ன ஓலெட் டிஸ்ப்ளே போடுறீங்க. 128க்கு 64 பிக்சல். அடாஃப்ரூட் எஸ்எஸ்டி1306 லைப்ரரி, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு பிட்னு மொத்தப் படத்தையும் மெமரியில் வெச்சுக்கும். 128ஐ 64ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தா 1024 பைட். ஊனோவில் இருக்கிற மொத்த ரேம் 2048 பைட். பாதி அங்கேயே போச்சு. அந்த இடத்தை லைப்ரரி ஓடும்போதுதான் கேட்டு வாங்கும். அதனால கம்பைல் முடிஞ்சதும் ஐடிஇ காட்டுற மெமரி கணக்கில் அந்த 1024 வராது. 60 சதவீதம்தான் ஆகியிருக்குன்னு காட்டும், ஓட்டினா டிஸ்ப்ளே கருப்பா நிக்கும். சீரியல் மானிட்டரைத் திறந்தா "அலொகேஷன் ஃபெயில்டு"னு இருக்கும், அதுவும் எக்ஸாம்பிள் கோடில் இருக்கிற அந்தச் சோதனை வரியை நீங்க அழிக்காம வெச்சிருந்தா.

எந்த லைப்ரரியை நம்பலாம்?

லைப்ரரி மேனேஜரில் இருந்தாலே ஆர்டுயினோ நிறுவனம் டெஸ்ட் பண்ணிக் கொடுத்ததுன்னு அர்த்தம் இல்லை. யார் வேணும்னாலும் தங்கள் லைப்ரரியை அதில் சேர்க்கலாம். வடிவம் சரியா இருக்கான்னு ஒரு தானியங்கிச் சோதனை பார்க்கும். கோடு நல்லா வேலை செய்யுதான்னு பார்க்க வேண்டியது நாமதான். நான் பார்க்கிறது நாலு விஷயம்:

1. எக்ஸாம்பிள்ஸ் இருக்கா? முதல்ல அதை மட்டும் அப்லோட் பண்ணுங்க. அது ஓடினா ஒயரிங் சரின்னு தெரிஞ்சுடும்.
2. கடைசியா எப்ப அப்டேட் ஆச்சு? பழசுன்னா தப்பில்லை, ஆனா உங்க போர்டு அதுக்கப்புறம் வந்ததான்னு பாருங்க.
3. கிட்ஹப்பில் இஷ்யூஸ் பக்கத்தில் மத்தவங்க கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருக்கா?
4. உங்க போர்டு வகை அதோட ஆர்க்கிடெக்சர் லிஸ்ட்டில் இருக்கா?

எழுதி வைக்க வேண்டியது

இப்ப உங்க ப்ராஜெக்டைத் திறந்து இதைச் செய்யுங்க. ப்ரிஃபரன்சஸில் கம்பைலேஷனுக்கு வெர்போஸ் அவுட்புட்டை டிக் பண்ணுங்க. கோடு நல்லா ஓடுற நிலையில் ஒரு தடவை வெரிஃபை கொடுங்க. நீளமா ஓடுற அவுட்புட்டின் கடைசிப் பகுதியில், எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன், எந்த ஃபோல்டர்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி வரும். அந்த வரிகளை அப்படியே காப்பி பண்ணி, உங்க கோடின் உச்சியில் கமெண்டா ஒட்டுங்க. கூடவே போர்டு பேக்கேஜோட வெர்ஷன், ஐடிஇ வெர்ஷன். மொத்தம் ஐந்து நிமிஷ வேலை.

அடுத்தது, லேப்புக்குப் போகும்போது. காலேஜ் நெட்வொர்க்கில் ப்ராக்ஸி இருந்தா லைப்ரரி மேனேஜர் சுத்திக்கிட்டே இருக்கும். ஐடிஇ 2-ல் ப்ரிஃபரன்சஸுக்குள்ள நெட்வொர்க் டேபில் ப்ராக்ஸி விவரம் கொடுக்கலாம். அதைவிட எளிமையான வழி ஒண்ணு இருக்கு. உங்க லேப்டாப்பின் ஆர்டுயினோ ஃபோல்டரை, உள்ளே இருக்கிற லைப்ரரீஸோட பென் டிரைவில் காப்பி பண்ணிக்கோங்க. லேப் சிஸ்டத்தில் ப்ரிஃபரன்சஸ் போய் ஸ்கெட்ச்புக் லொகேஷனை அந்த ஃபோல்டருக்கு மாத்துங்க. இப்ப ஐடிஇ உங்க லைப்ரரிகளைத்தான் எடுக்கும், நெட்டும் தேவையில்லை. வேலை முடிஞ்சதும் பழைய லொகேஷனைத் திருப்பி வெச்சுட்டு வாங்க.

ஒரு எச்சரிக்கை: இஎஸ்பி32 மாதிரி போர்டு பேக்கேஜ்கள் இந்த ஃபோல்டரில் இருக்காது. அது வேற இடத்தில் உட்காரும், அளவும் பெருசு. அதை லேப் சிஸ்டத்தில் முந்தின நாளே போட்டு, ஒரு பிளிங்க் ப்ரோக்ராமாவது ஓட்டிப் பார்த்துடுங்க.

வைவாவுக்கும் இது உதவும்

எக்ஸ்டர்னல் வர்றார். உங்க கோடில் ஒவ்வொரு 100 மில்லிசெகண்டுக்கும் டிஹெச்டி11-ஐப் படிக்கிறீங்க. "ஏம்ப்பா, ரெண்டு செகண்டுக்கு ஒரே வேல்யூ வருதே, சென்சார் பழுதா?"ன்னு கேட்கிறார். சென்சார் பழுதில்லை. அடாஃப்ரூட் லைப்ரரி கடைசி ரீடிங்கை ரெண்டு செகண்ட் வரைக்கும் வெச்சுக்கிட்டு, அதுக்குள்ள கேட்டா அதையே திருப்பிக் கொடுக்கும். மெதுவான சென்சாரை அடிக்கடி தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு வேணும்னே அப்படி எழுதியிருக்காங்க. லைப்ரரி ஃபோல்டரில் சிபிபி ஃபைலைத் திறந்து ஒரு தடவை படிச்சவங்க இதுக்குப் பதில் சொல்லிடுவாங்க. படிக்காதவங்க "லைப்ரரி சார்"னு சொல்லிட்டு நிப்பாங்க.

ரிப்போர்ட்டிலும் எந்தெந்த லைப்ரரி பயன்படுத்தினோம்னு வெர்ஷனோட ஒரு டேபிள் போடுங்க. எழுதினவங்களுக்குச் செய்யுற மரியாதை அது. அதைவிட முக்கியமா, ஒவ்வொரு வருஷமும் ஜூனியர்ஸ் பழைய ப்ராஜெக்ட் சிடியையும் ரிப்போர்ட்டையும் எடுத்து, இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போகலாமான்னு பார்க்கிறாங்க. கோடு இருக்கும், சர்க்யூட் படம் இருக்கும், கம்பைல் மட்டும் ஆகாது. ரெண்டு வாரம் மல்லுக்கட்டிட்டு, வேற டாபிக் எடுத்துக்கலாம்னு விட்டுடுறாங்க. நாலு பேர் ஒரு வருஷம் பண்ணின வேலை, எழுதி வைக்காத ஒரு வெர்ஷன் நம்பரால் அலமாரியில் தூங்குது.

இந்த வருஷம் ஃபைனல் சப்மிஷன் பண்ணப் போற நண்பர்களே, ஜிப் போடுறதுக்கு முன்னாடி கோடின் உச்சியில் அந்த வரிகளை ஒட்டிட்டுப் போடுங்க. ஜூனியர்ஸ், உங்க கைக்கு வர்ற ப்ராஜெக்டில் அது இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா சீனியருக்கு இப்பவே போன் போட்டு, அவங்க லேப்டாப்பை ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி வாங்கிடுங்க.